வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியவருக்குச் சொந்த வீடு ஏன் அந்நியமாகத் தெரிகிறது?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். சவூதி அரேபியாவின் தம்மாமில் 18 ஆண்டுகள் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை பார்த்து, கடைசியில் மேற்பார்வையாளராக இருந்து, ஏழு மாதங்களுக்கு முன் எக்ஸிட்டில், அதாவது வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு, ஊருக்கு வந்துவிட்டார். சொந்த வீடு இருக்கிறது, பெரிய கடன் இல்லை. மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன், வயதான தாயார் எல்லோரும் உடன் இருக்கிறார்கள். ஆனாலும் "என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன்; சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது; பகலில் படுத்தே கிடக்கிறேன்" என்கிறார். பழைய கம்பெனியிலிருந்து மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். இது மனநோயா, திரும்பிப் போய்விடலாமா என்பவை அவர் வெளிப்படையாகக் கேட்ட இரண்டு கேள்விகள். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இவர்களுக்கு நான் வேண்டுமா, நான் அனுப்பிய பணம் இருந்தால் போதுமா? அதைக் கேட்கத்தான் அவருக்குத் தயக்கம் என்று நினைக்கிறேன். எனவே அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப் பணியில் பயிற்சி பெற்றவன். டெல்டா மாவட்டங்களிலும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலும் பல ஆண்டுகளாகக் குடும்ப ஆலோசனை செய்துவருகிறேன். இந்தப் பகுதியில் அப்படி வேலை செய்பவரிடம் வரும் குடும்பங்களில் கணிசமானவை வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் இருப்பதாக 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. நான் மருத்துவன் அல்லன். மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகையால் கீழே எழுதுவதில் பல குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்த்ததை உறுதியாகவும், உங்கள் வீட்டைப் பற்றிய ஊகத்தை ஊகமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் செய்தி இது. நீங்கள் பழகியிருந்தது உங்கள் விடுமுறைக்காகத் தயாராகி நின்ற வீட்டுடன்; இப்போது வந்து சேர்ந்திருப்பது, நீங்கள் இல்லாமலே நடக்கும்படி அமைந்துவிட்ட அன்றாட வீட்டிற்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு என்று கணக்கிட்டால், 18 ஆண்டுகளில் நீங்கள் ஊரில் இருந்தது மொத்தம் ஒன்றரை ஆண்டு. அந்த ஒன்றரை ஆண்டிலும் வீடு தன் இயல்பில் இருந்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் விமான நிலையத்துக்கு வந்தார்கள். பெயர் எழுதிய அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது தெருவே கூடியது. உங்களுக்குப் பிடித்த மீன் எது என்று விசாரித்து வாங்கினார்கள். சண்டை வரக்கூடிய பேச்சையெல்லாம் "அப்பா போகட்டும்" என்று தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் உங்களுக்குக் கிடைத்த அன்பு உண்மையானதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த வீடு எப்படி ஓடுகிறது என்பதை நீங்கள் முதன்முதலாகப் பார்ப்பது இந்த ஏழு மாதங்களில்தான்.

ஒரு வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தபோது கண்ட காட்சியைச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து வந்த பையன் மதிப்பெண் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தகப்பனாரைக் கடந்து, அடுக்களைக்குப் போனான். தாயார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அட்டையைச் சுவரோடு வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தகப்பனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் வெளிநாட்டிலிருந்து வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த மூவரில் யாரும் தவறு செய்யவில்லை. பையனின் கால்கள் பத்து வருடப் பழக்கத்தில் நடந்தன, அவ்வளவுதான். சிலிண்டர் பதிவு செய்யும் கைப்பேசி எண், வங்கிக் கணக்குக்கு ஓ.டி.பி. வரும் எண், பள்ளி வாட்ஸாப் குழுவில் இருக்கும் எண், கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் அழைக்கும் எண் என்று எல்லாமே மனைவியின் எண்ணாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கக்கூடும். நீங்கள் "விருந்தாளி மாதிரி" என்று எழுதியதற்கு அன்புக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வேலைகளில் உங்கள் பெயர் இன்னும் எதிலும் ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சமூகவியல் சிந்தனையாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ், போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களை மனத்தில் வைத்து 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். புது நாட்டுக்குப் போகிறவன் எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தே போகிறான். வீடு திரும்புகிறவனோ எல்லாம் விட்டுச் சென்றபடியே இருக்கும் என்று நம்பி வருகிறான், ஆகவே அவன் திகைப்பு வேறு வகையானது என்பது அவருடைய வாதத்தின் சாரம். உங்கள் விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. தம்மாமில் இறங்கிய முதல் மாதம் நீங்கள் பட்ட சிரமத்தை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், நீங்களும் உங்களைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டையில் படும் சிரமத்தை மட்டும் நீங்களே ஒரு குறைபாடாக நினைக்கிறீர்கள்.

இதே துறையில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாததும் ஒன்று உண்டு. வெளிநாடு போகும்போது மனம் முதலில் உற்சாகமாகவும் பிறகு சோர்வாகவும் அதன் பிறகு சமநிலையாகவும் மாறும் என்று 1955இல் நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்டு ஒரு வளைகோட்டை முன்வைத்தார். திரும்பி வரும்போதும் அதே வளைகோடு இன்னொரு முறை நிகழும் என்று 1963இல் அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அதை நீட்டினார்கள். "ஆறு மாதம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று இணையத்தில் நீங்கள் படிப்பதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்த அறிவுரைதான். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வளைகோட்டை எல்லோரிடமும் காணவில்லை. சிலருக்குத் தொடக்கமே சிரமமாகவும் சிலருக்கு இரண்டாம் ஆண்டு கடினமாகவும் இருந்திருக்கிறது. மேலும் அந்தத் தொடக்க ஆய்வுகள், கல்வி உதவித்தொகையில் சில காலம் போய்வந்த மாணவர்களையும் அறிஞர்களையும் பற்றியவை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு 18 ஆண்டுகள் கேம்ப் அறையில் வாழ்ந்தவரை அவை கணக்கில் எடுக்கவே இல்லை. ஆகையால் "ஏழு மாதமாகியும் சரியாகவில்லையே, எனக்குத்தான் ஏதோ கோளாறு" என்ற முடிவுக்கு அந்த வளைகோட்டை வைத்து வராதீர்கள். என் அனுபவத்தில், குடும்பத்தைப் பிரிந்து நெடுங்காலம் இருந்தவர்களுக்கு வீட்டில் ஓர் இடம் அமைய ஓராண்டு மிகச் சாதாரணம். இரண்டாண்டு எடுத்துக்கொண்டு நன்றாக அமைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தவர். உடலால் இல்லாமல் மனத்தில் மட்டும் இருக்கும் ஒருவரைச் சுற்றிக் குடும்பம் எப்படித் தன்னை அமைத்துக்கொள்கிறது, அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது தெளிவாகாதபோது என்ன நடக்கிறது என்பதை அவர் விரிவாக எழுதினார். வளைகுடாக் குடும்பத்தின் நிலை அவ்வளவு கொடுமையானது அன்று. தினமும் இமோ போன்ற வீடியோ அழைப்பில் முகம் பார்க்க முடிந்தது, மாதம் பிறந்தால் பணம் வந்தது. ஆனால் குடும்பம் செய்த வேலை அதே தன்மை கொண்டது: உங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் இல்லாத வீட்டை நடத்தக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல்வி ஒரே நாளில் கலையாது.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி அதிகம் இல்லை. "அவளும் முன்பு மாதிரி இல்லை" என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. நான் இந்தப் பதில் முழுவதிலும் மிகுந்த அக்கறையோடு எழுதும் பகுதி இதுதான். அந்தப் பெண்மணி 18 ஆண்டுகள் தகப்பனாகவும் தாயாகவும், உங்கள் தாயாருக்கு மருமகளாகவும் மகனாகவும், வீடு கட்டும்போது கண்காணிப்பவராகவும் இருந்திருக்கிறார். சிமென்ட் மூட்டையை எண்ணி வாங்கியதும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஆட்டோவைத் தேடி ஓடியதும், சொந்தக்காரர்களின் நாக்குக்குப் பயந்து நடந்ததும் அவர்தான். அதற்கெல்லாம் கூலியாக அவருக்குக் கிடைத்தது, தன் நாளைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒன்றுதான். இப்போது நீங்கள் வீட்டில் இருப்பதால் அந்த உரிமை குறைகிறது. மூன்று வேளையும் ஆம்பிளைக்குச் சமைத்தாக வேண்டும். அக்கம்பக்கத்தில் போய் உட்கார முடியாது. இருநூறு ரூபாய் செலவுக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பல பெண்கள் தனியாக உட்கார்ந்து என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னதும் அழுதிருக்கிறார்கள். இப்படித் தோன்றுவதே கணவனை வேண்டாம் என்று சொல்வதாகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. இதை அவர்கள் வீட்டில் சொல்ல வழியே இல்லை. உங்கள் மனைவியும் இப்படித்தான் உணர்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய முகம் மாறியிருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்து, "நான் வந்ததால் உனக்கு எதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டுவிட்டு, வரும் பதிலுக்கு எதிர்வாதம் செய்யாமல் இருக்க வேண்டும். தாம்பத்திய நெருக்கத்திலும் ஆரம்பத்தில் கூச்சமும் விலகலும் இருப்பது மிகப் பொதுவானது. இரண்டு மாதத்து அவசரம் இப்போது இல்லை என்பதையே இருவரும் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் பக்கம். உங்கள் கோபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய எடுத்துக்காட்டுகளை, அதாவது செருப்பு வரிசையாக இல்லை, மோட்டார் போட்டால் அணைப்பதில்லை, சொன்ன நேரத்துக்கு யாரும் கிளம்புவதில்லை என்பவற்றை, மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். இவை ஒரு மேற்பார்வையாளரின் புகார்கள். அங்கே உங்கள் நாளைக் கம்பெனி வகுத்துக் கொடுத்தது: நான்கரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பஸ், மெஸ் சாப்பாடு, டியூட்டி, வெள்ளிக்கிழமை ஓய்வு. உங்கள் சொல்லுக்கு ஒரு குழு வேலை செய்தது. உங்கள் திறமைக்கு மரியாதை இருந்தது. இங்கே காலை நான்கரைக்கு விழிப்பு வருகிறது, எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. பகலில் படுத்துக் கிடப்பதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். நாற்பது பேரை வேலை வாங்கிய மனிதருக்கு வாங்கி வர ஒரு காய்கறிப் பை மட்டும் இருக்கும்போது, மிச்சமிருக்கும் மேற்பார்வை முழுவதும் மனைவி மக்கள் மேல் இறங்குகிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை பொறுமையைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை, ஆனால் வயதுக்கேற்ற வித்தியாசம் உண்டு. எட்டாம் வகுப்புப் பையனோடு சேர்ந்து ஏதாவது செய்தால் அவன் ஒட்டிக்கொள்வான். உங்கள் கையில் ஏ.சி. வேலை இருக்கிறது, வீட்டில் பழுதான மிக்ஸியோ மோட்டாரோ இருக்கும், அவனைப் பக்கத்தில் வைத்துக் கழற்றுங்கள். பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் விஷயம் வேறு. அவளுடைய உடை, கைப்பேசி, தோழிகள் பற்றி இந்த ஆண்டு நீங்கள் புதிதாக ஒரு விதியும் போடாமல் இருப்பது நல்லது. அவளை வளர்த்த விதிகள் ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கின்றன, அவை உங்கள் மனைவி வகுத்தவை. சந்தேகம் இருந்தால் மனைவியிடம் தனியாகக் கேட்கலாம். பிள்ளையின் எதிரில் மனைவியின் அனுமதியை ரத்துசெய்வதுதான் நான் பார்த்த வீடுகளில் மிகுந்த சேதம் விளைவித்த ஒற்றைச் செயல்.

ஊரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகப் புரிகிறது. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் எல்லோரும் கேட்பது "எப்ப வந்தீங்க, எப்பப் பயணம்?" என்றுதான். முதல் மாதம் அது விசாரிப்பு. ஏழாம் மாதம் அது குத்துவதுபோல் இருக்கும். இதற்குத் தெளிவான ஒரே பதிலை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள்: "விசா கேன்சலில் வந்துவிட்டேன், இனி ஊரில்தான்." சிலருக்கு ஒன்றும் சிலருக்கு வேறொன்றுமாகச் சொல்லும்வரை கேள்வி நிற்காது. கைமாற்று கேட்டு வருகிறவர்களும் அந்தப் பதிலுக்குப் பின் குறைவார்கள். இதற்கு மேல் ஊரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு, எனக்குத் தெரிந்து பலனளித்தது ஒன்றுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை மேற்பார்வை செய்யாமல், யாரும் செய்ய ஆளில்லாமல் தள்ளிக்கொண்டே போகும் ஒரு வேலையை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்வது. எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். தாயாரை மாதாமாதம் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, பாகம் பிரிக்காமல் கிடக்கும் நிலத்தின் பட்டா மாறுதல், மகளின் கல்லூரிக் கலந்தாய்வுக்கான சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்காக அலைவது இவையெல்லாம் நேரமும் ஆள்பலமும் கேட்பவை. மனைவி தனியாளாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை. எதை எடுத்துக்கொள்வது என்பதை அவரே சொல்லட்டும். "முழுப் பொறுப்பு" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை அவரிடம் கேட்டால் அவருக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தாயாரின் மாத்திரை எப்போது தீரும் என்பதை நீங்களே நினைவில் வைத்திருந்தால்தான் அது உங்கள் வேலை. இதோடு, தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் வீட்டுக்கு வெளியே ஏதேனும் வேலையில் இருங்கள், கூலி பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நண்பரின் ஏ.சி. சர்வீஸ் கடையில் போய் உட்கார்ந்தாலும் சரி. நீங்கள் வெளியே இருக்கும் அந்த நேரம் உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உங்கள் மனைவிக்கும் தேவை.

அடுத்து, மனநோயா என்ற கேள்வி. நீங்கள் விவரித்தவற்றில் பெரும்பகுதி, திரும்பி வந்தவர்களிடம் இயல்பாகக் காணப்படும் சிரமம். ஆனால் மனச்சோர்வு நோயும் இதே உடையில் வரக்கூடும் என்பதால், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று சொல்லிவிடுகிறேன். முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் விருப்பமின்மை, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மது கூடிக்கொண்டே போனாலோ, கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தாலோ, செத்துப்போகலாம் என்று ஒரே ஒரு முறை தோன்றினாலும் அன்றே பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. இவற்றோடு, ஒரு பொது மருத்துவரிடம் முழு உடல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் கொளுத்தும் நாட்டிலிருந்து வந்தவருக்கு வைட்டமின் டி குறைவா என்று வியப்பீர்கள். வெயிலுக்குப் பயந்து மூடிய கட்டடத்துக்குள்ளும் முழுக்கைச் சட்டைக்குள்ளும் வாழும் வளைகுடாவில் அது மிகப் பரவலான குறைபாடு. பகல் சோர்வுக்கு உடலில் காரணம் இருக்கும்போது மனத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பணம் என் துறை அன்று. ஒரு கணக்காளரிடம் கட்டாயம் போங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் குடும்பச் சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளம்புகிறது. நிரந்தரமாகத் திரும்பிவிட்டால், வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அந்நியச் செலாவணியாகவே வைக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு. என்.ஆர்.இ. வைப்புத்தொகை வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் நிரந்தரமாகத் திரும்பியதோடு முடிகிறது. நீண்டகாலம் வெளியே இருந்தவருக்குத் திரும்பிய முதல் ஓரிரு ஆண்டுகள் "வழக்கமாக வசிக்காத உள்நாட்டவர்" என்ற நிலை கிடைக்கலாம். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். சவூதித் தொழிலாளர் சட்டப்படி பணிமுடிவுத் தொகை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியம், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாத ஊதியம். அப்படியானால் 18 ஆண்டுகளுக்குப் பதினைந்தரை மாத ஊதியம் வந்திருக்க வேண்டும், வந்ததா என்று பாருங்கள். என் அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் உறுதியாகச் சேர்ப்பேன்: முதல் ஓராண்டில் அந்தப் பணத்தைக் கடையிலோ, ஆட்டுப் பண்ணையிலோ, மைத்துனரின் மனைப்பிரிவிலோ போடாதீர்கள். வீட்டில் மதிப்பு குறைந்துவிட்டது என்ற வேதனையில் இருக்கும் மனிதர், முதலாளியாகி அதை மீட்கலாம் என்று எண்ணி எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகிறது. தொழில் தொடங்கியே ஆக வேண்டுமென்றால் உங்கள் கையிலுள்ள ஏ.சி. வேலையிலேயே, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துச் சிறிதாகத் தொடங்குங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உச்ச வயது வரம்பு இல்லை. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் திரும்பியவர்களுக்கு என்ன உதவி இருக்கிறது என்று கேட்கலாம்.

இப்போது திரும்பிப் போகலாமா என்பது. போவது தோல்வி அன்று, போகாமல் இருப்பது வெற்றியும் அன்று. மகளின் படிப்புச் செலவுக்கும் மாதச் செலவுக்கும் இங்கே வருமானம் போதாது என்று கணக்குப் பார்த்து, மனைவியோடு பேசி, இன்ன ஆண்டு வரை என்று தீர்மானித்துப் போகிறவர்கள் நிம்மதியாகப் போய் நிம்மதியாக வருகிறார்கள். வீட்டில் இடமில்லை என்ற மனவருத்தத்தில் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்களுக்கு விமானம் ஏறியவுடன் ஒரு விடுதலை கிடைக்கிறது. உடனே பழைய மரியாதையும் வீடியோ அழைப்புப் பேச்சின் இனிமையும் திரும்பிவிடுகின்றன. ஆனால் இன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் இரண்டாம் முறை திரும்பும்போது மகள் கல்யாணமாகிப் போயிருப்பாள், மகன் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பான். அப்போது மனைவியோடு மட்டும் இதே கஷ்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் பார்த்த மிகக் கடினமான குடும்பங்கள் அந்த இரண்டாம் திரும்பலில் வந்தவையே. இடைவழியும் ஒன்று இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்பேட்டைகளில் உங்கள் அனுபவத்துக்கு வேலை உண்டு. சம்பளம் சவூதியை நெருங்காது என்பது உண்மை. ஆனால் வாரக்கடைசியில் பஸ் ஏறினால் வீடு. அந்த இடைவெளியிலேயே குடும்பத்தோடு படிப்படியாகப் பழகிக்கொண்டவர்கள் பலர்.

ஆகவே என் யோசனை, மகளின் பொதுத்தேர்வு முடியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பதே. கம்பெனிக்கு நேர்மையாக அதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். திறமையான மேற்பார்வையாளருக்காக அவர்கள் சில மாதம் காத்திருக்கக்கூடும், காத்திருக்காவிட்டாலும் உங்கள் தொழிலுக்கு வேறு விசா கிடைக்கும். அழைப்பு வந்ததை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். "போகட்டுமா?" என்று கேட்டால் அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் தப்பாகிவிடும், போ என்றால் உங்களுக்கு வலிக்கும், போகாதே என்றால் பணச் சுமை அவர் தலையில் விழும். மாத வரவுசெலவு, கையிருப்பு, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கும் நகைக்கடனோ கைமாற்றோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்படிப் பேசி, போவதென்றே முடிவானால், சில நிபந்தனைகளோடு போகலாம். எந்த ஆண்டு திரும்புவது என்பது மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை லீவு என்ற பழைய ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். இப்போது உங்களுக்கு அந்தப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. குடும்பத்தோடு போய்விடலாமா என்ற யோசனை எழுந்தால் செலவை முதலில் பாருங்கள்: 2017இல் சவூதியில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியாலானது, அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊருக்கு அனுப்பப்பட்டதே அதனால்தான். உங்கள் பிள்ளைகளின் வயதில் அது உகந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளி விடுமுறையில் விசிட் விசாவில் ஒரு மாதம் அழைத்துக்கொள்வது போதும். நீங்கள் வேலை பார்த்த இடத்தையும் படுத்த அறையையும் அவர்கள் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.